ஐஸ் போதைப்பொருள் உடம்புக்குள் எங்கே போகிறது? ஸ்கான் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

வடமராட்சியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “என்ர தம்பிக்கு 23 வயது. ஒரு வருசமா ஐஸ் பாவிச்சிருக்கிறான் எண்டு போன மாதம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. இப்ப விட்டிட்டன் எண்டு சொல்லுறான். உடம்பில எது எது பழுதாப் போச்செண்டு முழு உடம்பையும் ஸ்கான் எடுத்துப் பாக்கலாமோ? கொழும்புப் பக்கம் போய்ப் பெற் (PET) ஸ்கான் எடுத்தால் எல்லாம் தெரியும் எண்டு மாமா சொல்லுறார். காசும் சேர்த்து வைச்சிருக்கிறம்.”

தங்கச்சி, அந்தக் காசைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு ஓட வேண்டாம். நீங்கள் தேடுகிற பதிலில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும்: இருதயத்துக்கு ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ, அதோடு கொஞ்சம் இரத்தப் பரிசோதனை. அதற்காக மாமா சொன்னது வெறும் கதை என்றும் நினைக்காதீர்கள். ஐஸ் உடம்பில் எந்தெந்த உறுப்புக்குப் போகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பெற் ஸ்கானை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆய்வுக்கு எடுத்த அந்த ஸ்கான் வேறு, உங்கள் தம்பிக்கு எடுக்கக்கூடிய ஸ்கான் வேறு. நான் வைத்தியர் இல்லை. எக்ஸ்றேயும் ஸ்கானும் எடுக்கிற ரேடியோகிராபராக 26 வருசம் வேலை செய்தவன். அந்த அறையில் நின்று கண்டதையும், விளங்கப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

பெற் ஸ்கான் எடுக்கப் போகிறவருக்கு முதலில் ஒரு ஊசி போடுவார்கள். படத்தில் தெரிவது அந்த ஊசியால் உள்ளே போன பொருள்தான். கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் நோயாளருக்கு எடுக்கும்போது ஊசியில் இருப்பது புளோரீன்-18 சேர்த்த ஒருவகைக் குளுக்கோசு. புற்றுக்கலங்கள் குளுக்கோசை அதிகமாக இழுப்பதால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். உங்கள் தம்பியை அங்கே படுக்க வைத்தால் அந்தக் குளுக்கோசு எங்கே போனது என்பது தெரியும். ஐஸ் எங்கே போனது என்பது தெரியாது.

ஐஸைப் பார்ப்பதென்றால் ஐஸுக்கே அடையாளம் வைக்க வேண்டும். ஐஸ் என்று நாங்கள் சொல்லுவது மெதம்பெற்றமைன். அதன் மூலக்கூறில் பத்துக் காபன் அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் இடத்தில் கதிர்வீசுகிற காபன்-11 ஐ வைத்துக் கட்டினால், உடம்பு அதை வழக்கமான மெதம்பெற்றமைனாகவே எடுத்துக்கொள்ளும். அந்தக் காபன்-11 சிதையும்போது பொசித்திரன் என்ற ஒரு நுண்துகள் வெளியே வரும். அது பக்கத்தில் உள்ள ஒரு இலத்திரனோடு மோதி இரண்டும் அழியும். அந்த இடத்தில் இருந்து இரண்டு காமாக் கதிர்கள் ஒன்றுக்கொன்று நேரெதிர்த் திசையில் பாயும். ஆளைச் சுற்றி வளையமாக நிற்கிற உணரிகளில் எதிரெதிரான இரண்டு ஒரே கணத்தில் தட்டுப்பட்டால், அந்த இரண்டையும் இணைக்கிற கோட்டில் எங்கேயோ மருந்து இருக்கிறது என்று அர்த்தம். இப்படி இலட்சக்கணக்கான கோடுகளைக் கணினி சேர்த்துத்தான் படமாக்குகிறது.

சிக்கல் என்னவென்றால் காபன்-11 இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 20 நிமிடம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நூறு அணுக்களை ஏற்றிவிட்டால், மானிப்பாயில் பஸ் போய் நிற்கும்போது அரைவாசிதான் மிஞ்சியிருக்கும். ஆகவே அதை உண்டாக்குகிற சைக்கிளோத்திரன் இயந்திரமும், மூலக்கூறைக் கட்டுகிற இரசாயனவியலாளரும், ஸ்கானரும் ஒரே வளாகத்துக்குள் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் நியூயோர்க் பக்கம் உள்ள புறூக்கேவன் தேசிய ஆய்வுகூடத்தில் அது இருந்தது. 1976 இல் முதன்முதலாக மனிதருக்கு ஏற்றிய அந்தக் கதிர்வீசும் குளுக்கோசைச் செய்ததும் அதே ஆய்வுகூடம்தான். அங்கே வேலை செய்த இரசாயனவியலாளர் ஜோவான் பவுலரும், பிறகு மனநல வைத்தியர் நோரா வொல்கோவும் 1989 தொடக்கம் கொக்கேயினில் இந்த வேலையைச் செய்தார்கள். மெதம்பெற்றமைன் உடம்பு முழுவதும் எப்படிப் பரவுகிறது என்ற அவர்களுடைய ஆய்வு 2010 இல் வெளிவந்தது. பங்குபற்றியவர்கள் 19 பேர், எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். ஏற்றிய அளவு போதை தரும் அளவுக்குக் கிட்டவும் வராத துளி.

அவர்கள் கண்டதை நான் முதலில் வாசித்தபோது இரண்டு தரம் திருப்பி வாசித்தேன். ஐஸ் என்றாலே மூளை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் ஏற்றிய மருந்தில் சுவாசப்பைகளுக்கு 22 வீதமும் ஈரலுக்கு 23 வீதமும் போயிருந்தன. மூளைக்குப் போனது 10 வீதம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து 7 வீதம். ஆனால் அவை எவ்வளவு சின்ன உறுப்புகள் என்று பார்த்தால் அது மிகப் பெரிய பங்கு. மண்ணீரல், சதையி, இரைப்பை என்று அனேகமாக எங்கும் அது போயிருந்தது.

அதைவிட முக்கியமானது எவ்வளவு நேரம் நின்றது என்பது. இருதயத்திலும் சுவாசப்பையிலும் உச்சத்துக்குப் போன அளவு 7 தொடக்கம் 16 நிமிடத்துக்குள் பாதியாகிவிட்டது. சிறுநீரகம், மண்ணீரல், சதையி ஆகியவற்றில் 22 தொடக்கம் 50 நிமிடம் எடுத்தது. மூளையிலும் ஈரலிலும் இரைப்பையிலும் 75 நிமிடம் தாண்டியும் பாதிக்கு இறங்கவில்லை. கொக்கேயினோ மூளைக்குள் ஒரு சில நிமிடத்தில் ஏறி, அரை மணித்தியாலத்துக்குள் பாதிக்குக் கீழே வந்துவிடும். கொக்கேயின் மூளையின் நடுப்பகுதியில்தான் பெரும்பாலும் குவிகிறது. மெதம்பெற்றமைன் மூளை முழுக்கப் பரவி நிற்கிறது. ஐஸ் அடித்த பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் கண் மூடாமல் திரிவதற்குப் பின்னால் இந்த மெதுவான வெளியேற்றம் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெற் ஸ்கானுக்குத் தெரிவது கதிர் மட்டும்தான். ஈரல் அந்த மூலக்கூறை உடைத்து வேறொன்றாக்கிய பிறகும், காபன்-11 அந்தத் துண்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் படத்தில் ஒளிரும். ஆகவே ஈரலில் நீண்ட நேரம் தெரிவதெல்லாம் முழு மருந்து என்று எடுக்கக்கூடாது.

இன்னொன்று, அதிகம் தங்குகிற இடம்தான் அதிகம் பழுதாகும் என்று நினைத்தால் பிழைத்துப்போகும். இருதயத்தை விட்டு மருந்து வெகு சீக்கிரம் போய்விடுகிறது. இருந்தும் இந்தப் போதையால் இளம் வயதில் சாகிறவர்களில் இருதயத்தால் சாகிறவர்கள் நிறையப் பேர். மருந்து நரம்பு முனைகளில் இருந்து நோரட்ரினலின் என்ற இரசாயனத்தைக் கொட்ட வைக்கிறது. அதனால் இரத்த அழுத்தம் ஏறுகிறது, துடிப்பு எகிறுகிறது, இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் இறுகுகின்றன. மருந்து போய்விட்டாலும் அந்த அடி விழுந்ததுதான். மாதக்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தால் இருதயத் தசை தளர்ந்து, அறைகள் பெருத்து, பம்பு பலவீனமாகிவிடும்.

ஒரு இரவு எனக்கு மறக்காது. 24, 25 வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளையைத் தாய் கூட்டி வந்திருந்தார். படி ஏற இளைக்கிறது, இரவில் படுக்க ஏலாது, இருந்துகொண்டுதான் நித்திரை. ஆஸ்துமாவாக இருக்கும் என்று சந்தேகித்து நெஞ்சு எக்ஸ்றேக்கு அனுப்பியிருந்தார்கள். நிற்க வைத்து, முதுகுப் பக்கமிருந்து முன்னுக்கு எடுக்கிற படத்தில் இருதய நிழலின் அகலம் நெஞ்சுக்கூட்டின் அகலத்தில் பாதிக்கு உள்ளே இருக்க வேண்டும். அவனுக்கு அது பாதியைத் தாண்டி நன்றாக வெளியே நின்றது. சுவாசப்பைகளின் அடியில் நீர் கோத்த வெள்ளை. தாய் வெளியே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “அண்ணை, நான் ஐஸ் பாவிக்கிறனான். அம்மாட்டச் சொல்லாதேங்கோ.” “அம்மாவுக்குச் சொல்லமாட்டன் தம்பி, ஆனால் டொக்டருக்கு நீ சொல்லத்தான் வேணும்” என்று கையைப் பிடித்துக்கொண்டு வார்ட் வரைக்கும் கூடப் போனேன். ஆஸ்துமாவுக்கு என்று போயிருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய சில மருந்துகள் அந்த இருதயத்தை இன்னும் வேகமாக ஓட வைத்திருக்கும்.

அதனால்தான் உங்கள் தம்பிக்கு நான் முதலாவதாகச் சொல்லுவது எக்கோ. ஒலியலையால் எடுக்கிறது, கதிர் இல்லை, நோவு இல்லை, இருபது முப்பது நிமிட வேலை. இடது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னில் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்று அதில் அளப்பார்கள். 55 வீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. 40 க்குக் கீழே போனால் பம்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். சுவாசப்பைக்குப் போகிற குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்றும் அதே எக்கோவில் மதிப்பிடலாம். மெதம்பெற்றமைன் அந்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பது இப்போது உறுதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விசயம். அந்த நோய் வெளியே காட்டுவது களைப்பும் இளைப்பும்தான். அதனால் “பெடியன் சோம்பேறியாப் போனான்” என்று வீட்டில் ஏசிக்கொண்டிருப்பார்கள். எக்கோவில் சந்தேகம் வந்தால் இருதய வைத்தியர் கடோலினியம் என்ற, படத்தைத் தெளிவாக்குகிற மருந்தை ஏற்றி இருதய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். தசையில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று அதில் தெரியும். அது அவர் கேட்டால் மட்டும் எடுக்க வேண்டியது.

சுவாசப்பைக்கு ஒரு சாதாரண நெஞ்சு எக்ஸ்றே போதும். புகையை ஆழமாக இழுத்து மூச்சை அடக்கி வைத்திருக்கிறவர்களுக்குச் சுவாசப்பை வெடித்துக் காற்று வெளியே கசிவதுண்டு. நீர் கோப்பதும் உண்டு. சுவாசப்பை இவ்வளவு மருந்தை உறிஞ்சுவது காசநோய் போன்ற தொற்றுகளுக்கு வழிவிடக்கூடும் என்று அந்த 2010 ஆய்வுக்காரர்கள் ஒரு ஊகமாக எழுதியிருந்தார்கள். நிரூபித்த விசயமாக எடுக்க வேண்டாம். இருந்தாலும் தம்பிக்கு இரண்டு மூன்று கிழமையாக இருமல் விடாமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் செய்விப்பது நல்லது.

சிறுநீரகத்தில் ஸ்கானைவிட இரத்தம்தான் பேசும். ஐஸ் உடம்புச் சூட்டை ஏற்றும், தசையை ஓய விடாது. எங்கள் சித்திரை வெயிலில், தண்ணி குடிக்காமல், நித்திரை இல்லாமல் ஓடித்திரிந்தால் தசைக் கலங்கள் உடைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுத்த பிளேன்ரீ நிறத்தில் போனால் அதே நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில் வயிற்று ஸ்கானில் சிறுநீரகம் வடிவாகவே தெரியக்கூடும், அதை நம்பி இருக்கக்கூடாது. இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியற்றினினும், தசை உடைவைக் காட்டுகிற சி.பி.கே.யும்தான் உண்மையைச் சொல்லும். ஈரலுக்கும் இரத்தப் பரிசோதனையே போதும்.

இனி மூளை. உங்கள் மாமாவும் பார்த்திருப்பார்: போதை பாவித்தவரின் மூளை என்று போட்டு, தோண்டியெடுத்த மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு படம் கைபேசிகளில் சுற்றுகிறது. பார்த்தவுடன் வயிற்றைப் பிசையும். பிள்ளைகளைப் பயமுறுத்தப் பள்ளிக்கூடங்களிலும் காட்டுகிறார்கள். அந்த ஓட்டைகள் உண்மையான ஓட்டைகள் இல்லை. அது இரத்த ஓட்டத்தை அளக்கிற ஒருவகை ஸ்கான். இந்த அளவுக்குக் குறைந்த இடத்தைக் காட்டாதே என்று கணினிக்கு ஒரு எல்லை கொடுத்துவிட்டால், ஓட்டம் குறைந்த இடம் வெறும் பள்ளமாகத் தெரியும். எல்லையை மாற்றினால் பள்ளம் மறையும். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் நாங்கள் கணினியில் பூசுகிற நிறங்கள்தான். இதைச் சொல்லுவது போதை பாதகமில்லை என்பதற்காக இல்லை. பொய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், அது பொய் என்று ஒரு நாள் பிள்ளைக்குத் தெரியவரும். பிறகு நாங்கள் சொல்லுகிற உண்மையையும் அவன் நம்பமாட்டான்.

உண்மையான படங்களே போதியளவு கவலை தருபவை. 2004 இல் வெளிவந்த ஒரு எம்.ஆர்.ஐ. ஆய்வில், பல வருசம் மெதம்பெற்றமைன் பாவித்த 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, ஞாபகத்துக்கு உதவுகிற ஹிப்போகாம்பசு என்ற பகுதி சராசரியாக 7.8 வீதம் சிறுத்திருந்தது. உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் 11.3 வீதம் குறைந்திருந்தது. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. உங்கள் தம்பி ஒருவனின் எம்.ஆர்.ஐ.யை வைத்து, இவன் ஐஸ் பாவித்தவன் என்றோ, மூளை இத்தனை வீதம் போய்விட்டது என்றோ எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அனேகமாக “சாதாரணம்” என்றுதான் அறிக்கை வரும். அந்த ஒரு சொல்தான் எனக்குப் பயம். “பாத்தியா, ஒண்டுமில்லை எண்டு போட்டிருக்கு” என்று அவனே அதைத் தூக்கிக் காட்டித் திரும்பத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்?

திடீரென்று தாங்க முடியாத தலையிடி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் இயங்காமல் போதல், வலிப்பு, இவற்றில் ஒன்று வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள். ஐஸ் பாவிக்கிறவர்களுக்கு இளவயதிலேயே மூளையில் இரத்தக்கசிவும் பாரிசவாதமும் வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சி.ரி. ஸ்கான் எடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது: பழுதானது திரும்புமா? பெற் ஸ்கான் செய்த வேலைகளில் என் மனதுக்கு மிகக் கிட்டியது இதுதான். டோபமைன் என்ற மூளை இரசாயனத்தைத் திரும்ப உள்ளே இழுக்கிற காவிகள் என்று நரம்புக்கலங்களில் சில புரதங்கள் இருக்கின்றன. பாவித்தவர்களில் அவை குறைந்திருந்ததை வொல்கோவின் குழு கண்டது. அவர்களில் ஐந்து பேர் 12 தொடக்கம் 17 மாதம் வரை அதைத் தொடாமல் இருந்த பிறகு திரும்ப ஸ்கான் எடுத்தார்கள். 2001 இல் முடிவு வந்தது: மூளையின் ஒரு பகுதியில் அந்தக் காவிகள் 19 வீதமும் இன்னொரு பகுதியில் 16 வீதமும் கூடியிருந்தன. ஐந்தே ஐந்து பேர்தான். ஞாபகமும் கை வேகமும் அதே அளவுக்குத் திரும்பியிருக்கவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இருந்தாலும் மூளை தன்னைத் திருத்தத் தொடங்கிவிடுகிறது, அதற்கு ஒரு வருசத்துக்கு மேல் எடுக்கிறது என்பது கண்ணால் பார்த்த விசயம். இருதயத்திலும் அப்படித்தான். ஜெர்மனியில் ஐஸால் இருதயம் தளர்ந்த 30 பேரைப் பின்தொடர்ந்து 2017 இல் வெளியிட்டார்கள். விட்டவர்களின் பம்பு தேறியது, தொடர்ந்தவர்களுக்குத் தேறவில்லை. தழும்பு அதிகம் விழுவதற்கு முன்னம் நிறுத்தியவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். உங்கள் தம்பி ஒரு வருசத்தில் நிறுத்தியிருக்கிறான் என்றால் அது பெரிய விசயம்.

கவனக்குறைவுக் கோளாறுக்காக (ADHD) மெதைல்பெனிடேற்று குடிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் இதை வாசித்துப் பயந்துவிடக்கூடாது என்பதற்காக ஒன்று சொல்லவேண்டும். அதுவும் ஊக்கி வகைதான், கொக்கேயின் பிடிக்கிற அதே காவியைத்தான் அதுவும் பிடிக்கிறது. அதே புறூக்கேவன் குழு அதையும் ஸ்கானில் பார்த்தது. வாயால் குடித்தால் மூளையில் உச்சத்துக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. இரத்த நாளத்தில் ஊசியால் ஏற்றினால் பத்து நிமிடமும் தேவையில்லை. அந்த வேகம்தான் வெறியைத் தருகிறது. வைத்தியர் எழுதிய அளவில் குளிசையாகக் குடிக்கிற பிள்ளையையும் ஐஸைப் புகைக்கிற பெடியனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

சரி, தங்கச்சி, செய்யவேண்டியது இதுதான். தம்பியைப் பொது வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். போகும் வழியில் ஏச வேண்டாம். என்ன பாவித்தான், எவ்வளவு காலம், கடைசியாக எப்போது, புகைத்தானா ஊசி போட்டானா என்பதை அவனே வைத்தியரிடம் சொல்லட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள். ஊசி போட்டிருந்தால் எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சி வைரசுகளும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., எக்கோ, நெஞ்சு எக்ஸ்றே, கிரியற்றினின், ஈரல் பரிசோதனை இவ்வளவும் முதல் சுற்று. அறிக்கை ஆங்கிலத்தில் வரும். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 1860களிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது, உறுப்புகளுக்கு எங்களிடம் சொல் இருக்கிறது.

அதோடு மனநலக் கிளினிக்குக்கும் போக வேண்டும். இந்தப் பழக்கத்தை நிறுத்தவென்று உறுதிப்பட்ட குளிசை இன்னும் இல்லை, கதைத்துக் கதைத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். விட்ட முதல் கிழமைகளில் அடித்துப் போட்ட மாதிரி நித்திரை, அளவில்லாப் பசி, பிறகு கடும் மனச்சோர்வு வரும். அந்த நாட்களில் அவனைத் தனியே விடாதீர்கள். செத்துப்போகலாம் என்கிற மாதிரி ஏதும் கதைத்தால் 1926 க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம். போதை பற்றிய ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927.

சேர்த்த காசு அப்படியே இருக்கட்டும். முதல் எக்கோவில் ஏதும் குறை இருந்தால், எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று வைத்தியர் திகதி தருவார். பழைய அறிக்கையைக் கவனமாக வைத்திருந்து, அன்றைக்கு இருதயம் இரத்தத்தைத் தள்ளுகிற பழைய வீதத்தையும் புதிய வீதத்தையும் பக்கத்தில் வைத்துத் தம்பிக்கே காட்டச் சொல்லுங்கள்.